காரைநகருக்குப் போன பழைய மின்சுற்று

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் புறப்படும் காரைநகர் பஸ், மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை, சித்தங்கேணி என்று சந்திக்குச் சந்தி ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு மூளாய் வழியாகப் பொன்னாலைக்கு வருகிறது. வரதராஜப் பெருமாள் கோயிலைத் தாண்டியதும் வீடுகள் முடிந்து தாம்போதி தொடங்குகிறது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். தண்ணீருக்கு மேலே வரிசையாக நிற்கும் கம்புகளில் மீன்பிடிக்கும் வலைகள் கட்டப்பட்டிருக்கின்றன. யன்னல் வழியாக அடிக்கிற காற்றில் உப்பு இருக்கிறது. மின்னணுப் பொருள் எதையும் இந்தத் தீவுக்குள் கொண்டுபோகிறவர் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது அந்த உப்பைத்தான்.

அந்த பஸ்ஸில் போகிற இளம் பொறியியலாளரின் பையில் ஒரு பிஸ்கட் ரின் இருக்கிறது. உள்ளே ஒரு பழைய சர்க்கிட் பலகையும் நான்காக மடித்த வரைபடமும் உள்ளன. காரைநகரைப் பூர்வீகமாகக் கொண்ட அவர் கொழும்பில் வேலை செய்கிறார். 12 வோல்ட் பற்றரியிலிருந்து 230 வோல்ட் எடுக்கும் 200 வாட் இன்வேட்டர் ஒன்றின் வரைபடம் அது. 1990களில் வரையப்பட்டது. அதையே திரும்பக் கட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

புதிய இன்வேட்டர்கள் கடையில் மலிவாகக் கிடைக்கும்போது பழைய வரைபடம் எதற்கு என்ற கேள்விக்கு அவரிடம் தெளிவான விடை உண்டு. இப்போது வருகிற இன்வேட்டர்களில் அரிசி மணியிலும் சிறிய பாகங்கள் பலகையோடு ஒட்டிக் கிடக்கின்றன. சில்லுகளின் மேல் எழுத்துக்கூட இருப்பதில்லை. பழுதானால் தீவில் திருத்த வழியில்லை. எறிந்துவிட்டு வேறு வாங்க வேண்டும். 1990களின் பலகையிலோ ஒவ்வொரு பாகத்துக்கும் கால் உண்டு, பெயர் உண்டு. ஒரு சோல்டரிங் அயனும் மல்ரிமீற்றரும் இருந்தால் போதும். ஆனால் அந்தப் பெயர்களில் பல இன்று கடைகளில் இல்லை. வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் இன்றைய மாற்று எது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பயணம்.

மின்னணுப் பாகங்கள் ஏன் மறைகின்றன என்பதற்கு உலகளாவிய காரணங்கள் உண்டு. தயாரிக்கும் நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்குகின்றன. சீமென்ஸின் குறைகடத்திப் பிரிவு 1999இல் இன்ஃபினியன் ஆனது. அதே ஆண்டில் பவர் சப்ளைச் சில்லுகளுக்குப் பேர்போன யூனிட்ரோடை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வாங்கியது. இன்டர்நேஷனல் ரெக்டிஃபையர் 2015இல் இன்ஃபினியனுக்குள் போனது. ஃபேர்சைல்ட் 2016இல் ஆன் செமிகண்டக்டருக்குள் போனது. இரண்டு பட்டியல்கள் ஒன்றாகும்போது ஒரே வேலைக்கு இரண்டு பாகங்கள் இருந்தால் குறைவாக விற்பது நீக்கப்படுகிறது. 2006 யூலை 1ஆம் திகதி முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபோது, ஈயமில்லாத வடிவத்துக்கு மாற்றும் செலவுக்குத் தகுதியில்லை என்று பல பழைய பாகங்கள் ஒரேயடியாகக் கைவிடப்பட்டன. ஒரு பாகத்தை நிறுத்துகிற நிறுவனம் முன்னறிவித்தல் கொடுப்பது தொழில்துறையின் வழக்கம்: கடைசியாக ஓடர் கொடுக்க 6 மாதம், பொருளை எடுத்துக்கொள்ள 12 மாதம். பெரிய தொழிற்சாலைகள் அதற்குள் வாங்கிக் குவித்துவிடும். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள், நிறுத்தப்பட்ட சில்லுகளை மூல நிறுவனத்தின் அனுமதியோடு தொடர்ந்து தயாரிக்கின்றன. விமானத்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அது கட்டுபடியாகும். காரைநகரில் ஒரு வீட்டு விளக்குக்கு ஆகாது.

தீவுக்காரருக்கு இந்த நெருக்கடி புதியதல்ல. 1990இல், உள்நாட்டுப் போரின்போது, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அரசின் பொருளாதாரத் தடையில் எரிபொருளோடு ரோச் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள் ஆனது. செய்தி கேட்கச் சனங்கள் சைக்கிளைக் கவிழ்த்தோ ஸ்ராண்டில் நிறுத்தியோ பெடலைச் சுற்றினார்கள். சக்கரத்தில் உரசிய டைனமோ வானொலிக்கு மின்சாரம் கொடுத்தது. டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட், மாறுமின்னோட்டம். வானொலிக்குத் தேவை நேர்மின்னோட்டம். இடையில் நான்கு டயோட்டும் ஒரு கப்பாசிட்டரும் வேண்டும். அந்த நாலு டயோட் பாலத்தைக் கடக்கும்போது 1.4 வோல்ட் அளவு குறைந்துவிடும். பெடலை இன்னும் கொஞ்சம் வேகமாக மிதித்து அதை ஈடுசெய்ய வேண்டும். பழுதான வானொலிகளிலிருந்தும் தொலைக்காட்சிகளிலிருந்தும் கழற்றிய பாகங்களால், வரைபடம் இல்லாமல், ஆயிரக்கணக்கான வீடுகளில் ஓடிய மின்மாற்றுச் சுற்று அது. எது கிடைக்கிறதோ அதைக் கொண்டு எந்த வேலையைச் செய்விக்கலாம் என்று யோசிக்கப் பழகிய ஒரு தலைமுறைத் திருத்துநர்கள் அந்த ஆண்டுகளில்தான் உருவானார்கள்.

அப்படி ஒருவருடைய திருத்தகத்துக்குத்தான் பிஸ்கட் ரின் போகிறது.

வலந்தலைச் சந்தியைக் கடந்து உள்வீதியில் திரும்பினால் பனைகளும் மதில்களும் பூட்டிய பெரிய வீடுகளும். காரைநகர் ஆட்கள் ஒரு காலத்தில் இலங்கையின் நகரங்கள் பலவற்றில் கடை வைத்திருந்தவர்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். ஈழத்துச் சிதம்பரம் என்று பேர் பெற்ற சிவன் கோயிலின் மார்கழித் திருவெம்பாவைக்குப் பலர் வந்துபோவார்கள். மற்ற மாதங்களில் ஊரில் இருக்கிறவர்கள் மீன்பிடிக்கிறவர்களும் பயிர் செய்கிறவர்களும் வயதானவர்களும்தான். திருத்தகத்தில் வந்து கிடக்கும் பொருட்களே அதைச் சொல்கின்றன: மீன்பிடிப் படகுகளின் லைற்றுகள், சார்ஜர்கள், நீரிறைக்கும் மோட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஒரு பழைய ரேடியோ.

அறுபதைத் தாண்டிய திருத்துநர் பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதலில் அவர் கேட்டது பாகத்தின் பெயரை அல்ல.

"இது எத்தினை வோல்ட் பற்றரிக்குத் தம்பி? பன்ரண்டோ, இருபத்திநாலோ?"

"பன்ரண்டுதான் அண்ணை."

"ஆரும் கொண்டுபோய் இருபத்திநாலில கொழுவினா?"

அந்தக் கேள்விக்குள் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. வரைபடத்தில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பாகமான மொஸ்பெட், பி.யூ.இசட். 11. சீமென்ஸ் உருவாக்கியது, 50 வோல்ட், 30 அம்பியர், ஓடும்போது உள்தடை 40 மில்லியோம். 1980களிலும் 90களிலும் ஐரோப்பிய வரைபடங்களில் அடிக்கடி வந்த பெயர். இன்று கடையில் அந்தப் பெயரில் ஏதாவது கிடைத்தால் அது பழைய கையிருப்பாகவோ, வேறொன்றின் மேல் எழுத்தை மாற்றியதாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். யாழ்ப்பாணத்திலும் கொழும்பு புறக்கோட்டையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் எளிதாகக் கிடைப்பது ஐ.ஆர்.எஃப்.இசட். 44 என். அது 55 வோல்ட், 49 அம்பியர், உள்தடை 17.5 மில்லியோம். மூன்று எண்ணிலும் பழையதை வெல்கிறது. 20 அம்பியர் ஓடும் இந்தச் சுற்றில் பழையது 16 வாட் வெப்பமாக இழக்கும். புதியது 7 வாட். வெப்பத் தகட்டைச் சிறிதாக்கலாம்.

ஆனால் இந்த இன்வேட்டர், மொஸ்பெட்டுகள் மாறி மாறித் திறந்து மூடும் தள்ளு-இழு முறையில் இயங்குவது. அதில் அணைந்திருக்கும் மொஸ்பெட்டின் மேல் பற்றரி வோல்டேஜின் இரண்டு மடங்கு வந்து நிற்கும். 12 வோல்ட் பற்றரி சார்ஜ் ஆகும்போது 14.4 வரை ஏறும். இரண்டு மடங்கு 28.8. ஐம்பதுக்குள் பத்திரமாக அடங்குகிறது. 24 வோல்ட் பற்றரியில் அது 57.6 ஆகும். 55 வோல்ட் மொஸ்பெட் அங்கே பிழைக்காது. டிரான்ஸ்ஃபோமரின் கசிவால் எழும்பும் கூர்முனைகளைச் சேர்த்தால் 60 வோல்ட் ரகமும் போதாது. 100 வோல்ட் வேண்டும். இதில் இன்னொரு கண்ணி: இதே பெயரில் கடைசி எழுத்தில்லாத பழைய ஐ.ஆர்.எஃப்.இசட். 44 இருந்தது. அது 60 வோல்ட், 28 மில்லியோம். ஓர் எழுத்து கூடும்போது உள்தடை குறைந்தது. தாங்கும் வோல்டேஜும் 5 குறைந்தது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாற்றுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

போலியைப் பிடிக்கத் திருத்துநர் வைத்திருக்கும் முறைக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. 12 வோல்ட் பற்றரி, 55 வாட் கார் ஹெட்லைற் பல்ப், மல்ரிமீற்றர். மொஸ்பெட்டின் கட்டுப்பாட்டுக் காலான வாயிலுக்கு 12 வோல்ட் கொடுத்துப் பல்பை அதன் வழியாக எரிக்கிறார். ஓடுவது ஏறத்தாழ 4.6 அம்பியர். மொஸ்பெட்டின் மற்ற இரு கால்களுக்கிடையே 80 மில்லிவோல்ட் அல்லது அதற்குக் குறைவாகக் காட்டினால் பொருள் சொன்ன தரத்தில் இருக்கிறது. 180 காட்டினால் அதற்குள் இருப்பது வேறு. உள்தடையை மட்டும்தான் இது சொல்லும். எத்தனை வோல்ட் தாங்கும் என்பதைச் சொல்லாது. ஆனாலும் வாங்கி வந்த கட்டில் பாதியைக் கழித்துவிட இதுவே போதும்.

புதிய மொஸ்பெட் வேகமாகத் திறந்து மூடுவது. வேகம் நல்லதுதான் என்றாலும், பழைய பலகையின் நீண்ட செப்புக் கோடுகளில் அந்த வேகம் அதிர்வை எழுப்புகிறது. பக்கத்தில் ரேடியோ வைத்தால் இரைச்சல் கேட்கும், மொஸ்பெட்டும் சூடாகும். அதனால் வாயிலில் உள்ள தடையின் அளவைக் கூட்ட வேண்டும். கூர்முனையை உறிஞ்சும் தடை-கப்பாசிட்டர் இணையையும் திரும்பக் கணிக்க வேண்டும். ஒரு பாகத்தை மாற்றப் போய் மூன்றைத் தொட வேண்டி வருகிறது.

இதைவிட எளிதாகத் தெரியும் டயோட் விடயத்தில் ஆபத்து அதிகம். உயர் வோல்டேஜ் பக்கத்தில் உள்ள பழைய வேக டயோட் கிடைக்காதபோது, எல்லார் கையிலும் இருக்கும் 1 என் 4007 நினைவுக்கு வரும். 1000 வோல்ட், 1 அம்பியர், எண்கள் பொருந்துகின்றன. ஆனால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஆனது. மின்னோட்டம் திசை மாறும்போது அது மூடிக்கொள்ளச் சில மைக்ரோவினாடிகள் எடுக்கும். இந்தச் சுற்றில் 40 கிலோஹெர்ட்ஸ் ஓடுகிறது. ஒரு முழுச் சுழற்சிக்கே 25 மைக்ரோவினாடிதான். ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் பின்பக்கமாகப் பாயும். டயோட் கொதித்து உடையும். அதே உருவத்தில், அதே கறுப்பு உடலில் வரும் யூ.எஃப். 4007 மூடிக்கொள்ள 75 நானோவினாடி போதும். கண்ணால் பார்த்தால் எழுத்தைத் தவிர வித்தியாசம் இல்லை.

பெயர் மாறாமல் உள்ளே மாறிய பாகமும் திருத்தகத்தின் தட்டிலேயே இருந்தது: இரும்பு டிரான்ஸ்ஃபோமர் போட்ட பழைய 50 ஹெர்ட்ஸ் இன்வேட்டரில் 2 என் 3055 டிரான்சிஸ்டர்கள். 1960களில் ஆர்.சி.ஏ. நிறுவனம் கொண்டுவந்த அந்த 15 அம்பியர் டிரான்சிஸ்டர், உலகம் முழுக்க அம்ப்ளிஃபையரிலும் பவர் சப்ளையிலும் உழைத்தது. முதலில் அதைச் செய்த முறையில் அது மெதுவானது, முரட்டு உழைப்பாளி. 1970களில் செய்முறை மாறியது; அதே பெயரில் வந்தவை பல மடங்கு வேகமானவை. மெதுவான டிரான்சிஸ்டரை நம்பி வரையப்பட்ட சுற்றுகளில் புதியதைப் போட்டபோது சில தானாக அதிரத் தொடங்கின. அதற்கு நேர் எதிரான கதை, பொறியியலாளர் கொண்டுவந்த இன்வேட்டரின் மூளையான எஸ்.ஜி. 3525. முதல் இரண்டு எழுத்தைக் கொடுத்த சிலிக்கன் ஜெனரல் அந்தப் பெயரில் இன்று இல்லை. சில்லை வேறு நிறுவனங்கள் இன்றும் செய்கின்றன. பழைய வரைபடத்தில் அப்படியே உட்காருகிறது.

பொறியியலாளர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த பட்டியலில் 4 என் 35 என்ற ஒளி இணைப்பானும் இருந்தது. வெளியீட்டு வோல்டேஜைக் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு ஒளியாகத் தெரிவிக்கும் பாகம் அது. அதன் உற்பத்தி நிற்கவில்லை. ஆனால் தீவில் பழுது வந்த நாளில் அது கையில் கிடைக்காவிட்டால், நின்றதாகத்தான் கொள்ள வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயாகி, இறக்குமதிகள் முடக்கப்பட்டபோது நாடு முழுவதுமே அப்படித்தான் இருந்தது. திருத்துநர் காட்டிய மாற்று பி.சி. 817. கழித்துவிட்ட கணினியின் பவர் சப்ளையைத் திறந்தால் பெரும்பாலும் அதில் ஒன்றாவது இருக்கும்.

ஆனால் 4 என் 35க்கு ஆறு கால், பி.சி. 817க்கு நான்கு. இல்லாமல் போகிற கால்களில் ஒன்று உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரின் அடிக்கால். வரைபடத்தில் அந்தக் காலில் ஒரு தடை போட்டிருந்தது, டிரான்சிஸ்டர் விரைவாக அணைய வேண்டும் என்பதற்காக. அது போனால் பதில் மெதுவாகும். பி.சி. 817இன் பெருக்கமும் ரகத்துக்கு ரகம் வேறு: ஏ என்றால் 80 முதல் 160 சதவீதம், சி என்றால் 200 முதல் 400. ஏ போட்டு ஒழுங்காக ஓடிய பலகையில் சி போட்டால் வோல்டேஜ் ஏறி இறங்கி ஊசலாடலாம். ஆகவே எந்த ரகம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். கட்டுப்பாட்டுச் சுற்றை நிலைப்படுத்தும் பாகங்களையும் திரும்பக் கணிக்க வேண்டும்.

அதே கணினிப் பெட்டிகளிலிருந்துதான் டிரான்ஸ்ஃபோமருக்கான ஃபெரைட் உள்ளகமும் வருகிறது. வரைபடம் கேட்பது பிலிப்ஸின் 3 சி 85. அதன் இடத்தை 3 சி 90 பிடித்துக்கொண்டது. இழப்பு குறைவு, சுற்று எண்ணிக்கையை மாற்றாமலே ஓடும். பெயர் தெரியாத உள்ளகத்துக்கு வழி வேறு: சில சுற்றுகள் சுற்றி, அளந்து, சுமை இல்லாமல் ஓடவிட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். நடுக்காலில் இடைவெளி விட்ட உள்ளகம் என்றால் இந்த வேலைக்கு ஆகாது. அது வேறு வகைச் சுற்றுக்கானது.

மாலையில் பேச்சு கப்பாசிட்டரில் போய் நின்றது. பழைய அலுமினியக் கப்பாசிட்டருக்கு உள்ளே கொஞ்சம் தடை உண்டு. குறை என்று பார்த்தாலும், கட்டுப்பாட்டுச் சுற்றை நிலையாக வைத்திருப்பதில் அந்தத் தடைக்கும் பங்கு இருக்கிறது. உள்தடை மிகக் குறைந்த இன்றைய ரகங்களைப் போட்டால் சில பழைய சுற்றுகள் தடுமாறுகின்றன. அதோடு, வெப்பம் 10 பாகை குறைந்தால் இந்தக் கப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் கைக்கொள்ளும் விதி. ஓலைக் கூரையின் கீழே வைத்த பெட்டியும் தகரக் கூரையின் கீழே வைத்த பெட்டியும் ஒரே ஆயுள் வாழாது. "பலகைக்கு வார்னிஷ் அடியும் தம்பி, ரெண்டு பக்கமும்," என்றார் திருத்துநர். "உப்பு பட்டா முதல்ல போறது கப்பாசிட்டரின்ர கால்தான்."

மறுநாள் காலை பொறியியலாளர் காரைநகர்த் துறைமுகத்துக்குப் போனார். போகிற வழியில் சீநோர் படகுத் தளம். 1956இல் நோர்வேக்குப் போன அந்தோனி இராஜேந்திரம் என்ற யாழ்ப்பாணத்தவரின் முயற்சியால், நோர்வே மக்களின் உதவியோடு வந்த திட்டம் அது. ஊர்காவற்றுறைக்குக் கடக்க வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் 'பாதை' எனப்படும் மிதவை இருக்கிறது. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஆட்களோடு ஏறிக்கொள்கின்றன. நடுவில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் 1658இல் பிடித்த கடற்கோட்டை தண்ணீருக்குள் நிற்கிறது. அக்கரையில் அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் போகும் படகுகள்.

இந்தத் தீவுகளில் இன்வேட்டர்களின் கதை இப்போது பெரிய அளவில் தொடங்குகிறது. எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சூரியன், காற்று, லித்தியம் பற்றரி, டீசல் நான்கையும் இணைத்த கலப்பு மின்நிலையம் அமைக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்தியாவின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையில் அத்தகைய நிலையங்கள் அமைக்க 2024 மார்ச் 1ஆம் திகதி ஒப்பந்தம் கையெழுத்தானது: 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்று, 2,400 கிலோவாட் மணி பற்றரி, துணைக்கு 2,500 கிலோவாட் டீசல். சூரியத் தகடு 20, 25 ஆண்டுகள் உழைக்கும். அதன் பக்கத்தில் நிற்கும் இன்வேட்டருக்கு அந்த ஆயுள் இல்லை. தகடு வேலை செய்துகொண்டிருக்கும்போதே இன்வேட்டரின் பாகங்கள் உற்பத்திப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். சோளகக் காற்றில் கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாட்களில் பழுது வந்தால், தீவில் உள்ள ஒருவர்தான் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும். அவர் கையில் பாகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அது எத்தனை வோல்ட் தாங்க வேண்டும், எவ்வளவு வேகமாக மூட வேண்டும், எந்த அளவு மாறினால் எதைக் கூடவே மாற்ற வேண்டும் என்பதும் வேண்டும். நிலையத்தைக் கட்டுகிறவர்கள் கையளிக்கும் ஆவணத்தில் இந்த விபரங்களைத் தமிழில் கேட்டு வாங்குவதற்கு இதுவே சரியான நேரம்.

பொறியியலாளர் தன் சிறிய இன்வேட்டருக்கு அதைத்தான் செய்திருக்கிறார். புதிய வரைபடத்தின் பாகப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது. மொஸ்பெட்: 12 வோல்ட் பற்றரிக்கு 50க்கு மேல், 24க்கு 100, பல்ப் சோதனையில் 80 மில்லிவோல்ட்டுக்குக் கூடக்கூடாது. டயோட்: 75 நானோவினாடிக்கு மெதுவானது ஆகாது. ஒளி இணைப்பான்: ஏ ரகம் மட்டும். பலகையின் மேலேயே வெள்ளை எழுத்தில் '12 வோல்ட் மட்டும்' என்று அச்சிடப்படும். இரண்டு முன்மாதிரிகளில் ஒன்று கொழும்புக்குப் போகிறது. மற்றது திருத்தகத்தில் ஒரு விளக்கையும் மின்விசிறியையும் ஓட்டிக்கொண்டிருக்கும். கப்பாசிட்டருக்கான கட்டம் இன்னும் நிரப்பப்படவில்லை. மாரி கழிந்த பிறகு பெட்டியைத் திறந்து, உப்புக் காற்றில் ஓடிய கப்பாசிட்டரின் உள்தடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து எழுதுவதாக இருவரும் பேசி முடித்திருக்கிறார்கள்.